எஃப்எம் வாக்கி டாக்கில மாடுலேஷன் செட் பண்றது எப்படி

"உங்க வாய்ஸ் கம்மியா கேக்குது"ன்னு எதிர்முனைல சொன்ன உடனே நிறைய பேர் செட்ட தொறந்து டீவியேஷன் பாட்ட (உள்ள இருக்கற சின்ன திருகு கன்ட்ரோல்) ஏத்தி விட்டுடறாங்க. தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, பெரும்பாலும் கோளாறு அங்க இருக்காது.

நீங்க பேசும்போது கேரியர், அதாவது குரல சுமந்துட்டு போற ரேடியோ அலை, தன் இடத்த விட்டு மேலயும் கீழயும் எவ்ளோ தூரம் விலகுதோ அதான் டீவியேஷன். 25 கிலோஹெர்ட்ஸ் சேனல்னா அதிகபட்சம் 5 கிலோஹெர்ட்ஸ், 12.5 சேனல்னா 2.5. குரல் 3 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், அதோட 5 சேத்து ரெண்டால பெருக்கினா சிக்னல் 16 கிலோஹெர்ட்ஸ் அகலம் எடுக்குது. இதுக்கு மேல ஏத்தினா எதிர்முனை ரிசீவரோட ஃபில்டர் ஓரத்த வெட்டிடும், சத்தம் கூடறதுக்கு பதிலா வார்த்தை வார்த்தையா உடையும், பக்கத்து சேனல்காரருக்கும் தொந்தரவு.

பொதுவா செட்டுக்குள்ள ரெண்டு அட்ஜஸ்ட்மென்ட் இருக்கும். மைக் கெயின் (மைக் சத்தத்த எவ்ளோ பெருக்கணும்ங்கறது) லிமிட்டருக்கு, அதாவது சத்தம் ஒரு அளவ தாண்டாம வெட்டற சர்க்யூட்டுக்கு முன்னாடி, டீவியேஷன் லிமிட்டருக்கு பின்னாடி. கத்தினாலும் தாண்ட முடியாத எல்லைய போடறது பின்னாடி இருக்கறது, சாதாரணமா பேசினா எவ்ளோ போகணும்னு முடிவு பண்றது முன்னாடி இருக்கறது. அதனால எல்லைய முதல்ல போடுங்க, மைக் கெயின் அப்புறம். புது செட்ல பாட் இருக்காது, சாஃப்ட்வேர்ல நம்பரா இருக்கும், ஆனா வரிசை இதேதான்.

ஸ்டெப் 1: ஆன்டெனாவ கழட்டிட்டு அந்த இடத்துல 50 ஓம் டம்மி லோடு (சிக்னல காத்துல விடாம தானே வாங்கிக்கறது) போடுங்க, பவர குறைச்சு வைங்க. டீவியேஷன் மீட்டர் இல்லனா சர்வீஸ் மானிட்டர் வேணும். பாட்ட திருப்ப பிளாஸ்டிக் டூல்தான், இரும்பு முனை பக்கத்துல போனாலே சில சர்க்யூட்ல ரீடிங் ஆடும். தொடறதுக்கு முன்னாடி பாட் இருக்கற நிலைய போட்டோ எடுத்து வைங்க. ஃப்ரீக்வென்சி சரியா இருக்கான்னும் பாத்துடுங்க, அது தள்ளி இருந்தா மத்ததெல்லாம் வீண்.

ஸ்டெப் 2: சிடிசிஎஸ்எஸ் டோன் (எதிர்முனை ஸ்பீக்கர திறக்க குரலோட சேந்து போற தாழ்ந்த டோன்) யூஸ் பண்றீங்கன்னா ஆன்லயே இருக்கட்டும், அதுவும் கணக்குல சேரும், 25 சேனல்ல 500லேர்ந்து 750 ஹெர்ட்ஸ் வரைக்கும் டீவியேஷன் எடுத்துக்கும். இப்ப மைக் இன்புட்ல 1 கிலோஹெர்ட்ஸ் டோன் குடுத்து மெதுவா ஏத்துங்க. மீட்டர் ஏறிட்டே வந்து ஒரு இடத்துல நின்னுடும், அங்கதான் லிமிட்டர் புடிக்குது. இன்னும் நல்லா ஏத்திட்டு டோன 300லேர்ந்து 3000 ஹெர்ட்ஸ் வரைக்கும் நகத்தி பாருங்க, எங்க அதிகமா காட்டுதோ அங்க வச்சு 5 கிலோஹெர்ட்ஸ் (12.5 சேனல்னா 2.5) தாண்டாம டீவியேஷன் பாட்ட செட் பண்ணுங்க. பிளஸ் மைனஸ் ரெண்டு பக்கமும் பாக்கணும், பெருசா இருக்கறததான் எடுத்துக்கணும்.

ஸ்டெப் 3: டோன மறுபடி 1 கிலோஹெர்ட்ஸ்க்கு கொண்டு வந்து, மேனுவல்ல மைக்குக்கு சொல்லியிருக்கற லெவலுக்கு இறக்குங்க, பொதுவா சில மில்லிவோல்ட்தான். மைக் கெயின திருப்பி 3 கிலோஹெர்ட்ஸ்ல நிறுத்துங்க, குறுகின 12.5 சேனல்னா 1.5. அப்புறம் மைக்க மாட்டி சாதாரணமா பேசி பாருங்க. அழுத்தி சொல்ற எழுத்துக்கு மட்டும் முள் எல்லைய தொட்டுட்டு வரணும். நீங்க பேசாம இருக்கும்போது ரூம்ல ஓடற ஃபேன் சத்தத்துக்கே முள் தாவுதுன்னா கெயின் ஜாஸ்தி, கொஞ்சம் இறக்குங்க.

மீட்டர் கையில இல்லயா, எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டர்ல சொருகற ரேடியோ ரிசீவர்) இருந்தா போதும். சிடிசிஎஸ்எஸ்ஸ ஆஃப் பண்ணிட்டு 1247 ஹெர்ட்ஸ் டோனோட லெவல சைபர்லேர்ந்து மெல்ல ஏத்துங்க, ஸ்பெக்ட்ரத்த நல்லா ஜூம் பண்ணி வச்சுக்கங்க. ரெண்டு பக்கமும் கோடுங்க வளர வளர நடு கோடு, அதாவது கேரியர், குட்டையாகி, ஒரு இடத்துல சுத்தமா காணாம போகும். முதல் தடவ காணாம போற அந்த இடத்துல டீவியேஷன் 3 கிலோஹெர்ட்ஸ், ஏன்னா மாடுலேஷன் இன்டெக்ஸ் (டீவியேஷன டோன் ஃப்ரீக்வென்சியால வகுத்தா வர்றது) 2.405 வந்தா கேரியர் பூஜ்யமாயிடும், 1247ஐ அதால பெருக்கினா 3000. குறுகின சேனலுக்கு 624 ஹெர்ட்ஸ் டோன் குடுங்க, 1.5 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும்.