வெங்காயச் சமோசாவும் மிளகாய்ப்பொடி தூவிய பழக்கலவையும்

டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் ரயிலிலும் தியேட்டர் இடைவேளையிலும் கிடைக்குமே, தட்டையான மொறுமொறு முக்கோணம், அதைத்தான் செய்யப் போகிறோம். உருளைக்கிழங்கு வைத்த தடித்த சமோசா வேறு ரகம். 14ஆம் நூற்றாண்டில் டெல்லி வந்த இப்னு பதூதா, துக்ளக் அரண்மனை விருந்தின் சமோசாவை மெல்லிய ரொட்டிக்குள் கொத்துக்கறி, பாதாம், வெங்காயம் வைத்து நெய்யில் பொரித்தது என்று எழுதியிருக்கிறார். கறியும் பாதாமும் இல்லாவிட்டாலும் அந்த மெல்லிய ரொட்டி நம் டீக்கடைச் சமோசாவில் இன்னும் இருக்கிறது.

இதை நமத்துப்போக வைப்பது ஈரம்தான். அதை மட்டும் கவனித்தால் முதல் தடவையே நன்றாக வரும்.

மேல் பட்டை

ஒரு கப் மைதா, அரை கப் கோதுமை மாவு, அரை ஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். எட்டு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் பூரி அளவுக்குத் தேய்க்கவும். ஒன்றின் மேல் எண்ணெய் தடவி, ஓரம் வரை மைதா தூவி, இன்னொன்றை வைத்து மூடுங்கள். இந்த ஜோடியைச் சேர்த்தே 23 செ.மீ. அகலத்துக்கு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும்.

தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் பக்கத்துக்கு 15 விநாடி போதும். நிறம் மாறக் கூடாது. பச்சை வாடை போய் லேசாகக் கொப்புளம் எழும்பினால் எடுத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போதே ஓரத்தைப் பிரித்து இழுத்தால் இரண்டு தாள்களாகக் கழன்று வரும். ஆறினால் கிழியும். உடனே ஈரத்துணிக்குள் வையுங்கள். ஒவ்வொரு தாளின் நடுவிலும் 6 செ.மீ. அகலத்தில் இரண்டு நீளப் பட்டைகள் வெட்டினால் மொத்தம் 16 கிடைக்கும். மிஞ்சிய ஓரங்களை எறிய வேண்டாம், கடைசியில் பொரித்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்.

உள்ளே வைக்க

மூன்று பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லியதாக நறுக்குங்கள். வதக்க வேண்டாம், எண்ணெயில் பொரியும்போதே வெந்துவிடும். அரை கப் மெல்லிய அவலைக் கையால் நொறுக்கிப் போடுங்கள். வெங்காயம் விடுகிற தண்ணீரை அவல் குடித்துக்கொள்ளும், இந்தச் செய்முறையின் உயிரே அதுதான். ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், அரை ஸ்பூன் கரம் மசாலா, இரண்டு பச்சை மிளகாய், ஒரு பிடி கொத்தமல்லித்தழை. உப்பை மட்டும் மடிக்க உட்காரும்போது சேருங்கள். முன்பே போட்டால் வெங்காயம் நீர்த்துவிடும்.

மடித்துப் பொரிக்க

பட்டையை நெடுக்காக வைத்து, கீழ் முனையில் ஒன்றரை ஸ்பூன் பூரணம் வையுங்கள். இடது மூலையைத் தூக்கி வலது ஓரத்தோடு சேர்த்தால் முக்கோணம் வரும். அதை அப்படியே மேலே, அப்புறம் குறுக்கே என்று மாற்றி மாற்றி மடித்துக்கொண்டே போய், மீதி நுனியில் மைதாப் பசை தடவி ஒட்டுங்கள். மூலைகளில் இடைவெளி இருந்தால் எண்ணெய் உள்ளே போகும். அங்கேயும் ஒரு சொட்டுப் பசை.

எண்ணெயில் ஒரு துண்டுப் பட்டையைப் போட்டால் மெதுவாகக் குமிழ் விட்டு எழ வேண்டும். சட்டென்று சிவந்தால் சூடு அதிகம். வெளியே கருகும், உள்ளே வெங்காயம் பச்சையாக நிற்கும். மிதமான தீயில் ஆறேழு நிமிடம், திருப்பித் திருப்பி. சலசலப்பு அடங்கி வரும்போது எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் சல்லடையில் பரப்புங்கள்.

பழக்கலவை

எண்ணெய்ப் பண்டத்துக்குப் பக்கத்தில் புளிப்பும் காரமும் வேண்டும். பாதி பழுத்த கொய்யா, அன்னாசி, ஒரு வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடி மாதுளை முத்து. கோடையில் கிளிமூக்கு மாங்காய் கிடைத்தால் அன்னாசிக்குப் பதில் அதையே போடுவேன், அத்தனை பொருத்தம். எலுமிச்சைச் சாறு, மிளகாய்ப்பொடி, கொஞ்சம் வறுத்த சீரகப்பொடி போட்டுப் புரட்டுங்கள். இங்கேயும் உப்பு கடைசியில்தான், சமோசா தட்டுக்கு வந்த பிறகு. கலவையைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சாறு பட்டால் சமோசா நமத்துவிடும்.

மாலையில் விருந்தாளிகள் வருவதாக இருந்தால், பட்டைகளைக் காலையிலேயே செய்து காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். பூரணம் வைத்து மடிப்பது மட்டும் பொரிப்பதற்குச் சற்று முன்புதான்.