வீட்டு இணைப்பிலிருந்து டோருக்கு உதவும் முன்

பயனரின் அடையாளத்தை மறைத்து இணையத்தை அணுக உதவும் டோர் வலைப்பின்னலுக்கு வீட்டு இணைய இணைப்பைக் கொடுத்து உதவ நினைப்பவர், அதில் எந்தப் பணியை ஏற்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆபத்து அந்தப் பணியைப் பொறுத்தே கூடுகிறது, குறைகிறது.

டோர், பயனரின் தரவைத் தன்னார்வலர்கள் நடத்தும் கணினிகளான ரிலேகள் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துகிறது. அந்த வரிசையில் கடைசியானது எக்ஸிட் ரிலே. அதை வீட்டில் நடத்தவே வேண்டாம். பயனரின் கோரிக்கை அங்கிருந்துதான் பொது இணையத்துக்குள் செல்கிறது என்பதால், முன்பின் தெரியாத ஒருவர் செய்யும் குற்றத்திலும் உங்கள் ஐபி முகவரியே பதிவாகும். மாஸ்கோவில் தம் வீட்டில் எக்ஸிட் ரிலே நடத்திய கணித ஆசிரியர் திமித்ரி பகத்தோவ், தாம் எழுதாத இணையப் பதிவுகளுக்காக 2017 ஏப்ரலில் கைதானார். சிறையிலும் வீட்டுக்காவலிலும் பல மாதங்கள் கழிந்த பின்னர், 2018இல்தான் அவர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. நிரபராதி என்பது இறுதியில் தெளிவாகலாம். அதுவரை பறிமுதலான கணினியும் இழந்த நிம்மதியும் குடும்பம் முழுவதற்குமான இழப்பு.

இடைநிலை ரிலே, மறையாக்கம் செய்யப்பட்ட தரவை மற்றொரு ரிலேக்கு மட்டுமே கடத்துவதால், சட்டச் சிக்கல் மிகக் குறைவு. ஆனால் எல்லா ரிலேகளின் ஐபி முகவரிகளும் பொதுப் பட்டியலில் வெளியாகின்றன. சில இணையதளங்கள் எக்ஸிட் எது, இடைநிலை எது என்று பாராமல் அனைத்தையும் தடுத்துவிடுகின்றன. வீட்டிலுள்ள ஒருவருக்கு வங்கித் தளம் திறக்காமல் போகலாம் என்பதால், அவர்களின் சம்மதத்தை முன்பே பெறுவது கடமை என்றே கருதுகிறேன். இரு திசைகளிலும் குறைந்தது 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) வேகம் இருப்பது நல்லது. வீட்டு இணைப்பில் சர்வர் நடத்த இணையச் சேவை நிறுவனத்தின் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

பிரிட்ஜ் என்பது டோர் தடுக்கப்பட்ட இடங்களில் இருப்பவர்கள் அதற்குள் நுழைய உதவும் ரிலே. அது அந்தப் பொதுப் பட்டியலில் இடம்பெறாது. 1 எம்பிபிஎஸ் வேகமே போதும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது ஸ்னோஃப்ளேக். ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோமில் நீட்சியாக நிறுவினால், தணிக்கையால் தடுக்கப்பட்டவரின் தரவை டோரின் பிரிட்ஜ் வரை அது கொண்டுசேர்க்கும். அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் முகவரி தெரியாது. பலருக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் இணைப்புகளில் ரிலே நடத்த முடியாது. அங்கும் ஸ்னோஃப்ளேக் இயங்கும். மாதத் தரவு வரம்பு உள்ள இணைப்பானால், முதல் மாதம் பயன்பாட்டைக் கவனித்து வாருங்கள். அளவு மிஞ்சினால் நீட்சியை அணைத்துவிடலாம்.