கையெடுத்து ஓட்டும் காரை வளைவில் நம்புவது எப்படி? தொடங்குபவர்களுக்கான செய்முறை

கைகளை எடுத்துவிட்டு ஓட்டும் வசதியுள்ள கார் வாங்கிய நண்பர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நேர்ச் சாலையில் அருமையாகப் போகிறது, வளைவு வந்தால் நம்பலாமா? நம்பலாம். ஆனால் காரை மொத்தமாக நம்புவதில் பொருள் இல்லை. வரும் வளைவு ஒவ்வொன்றையும் பார்த்து, இதை நம்பலாம், இதை நம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவெடுக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் வட கரோலைனாவில், ராலே நகருக்கு அருகே. கிழக்கே வில்மிங்டன் கடற்கரைக்கும் மேற்கே ஆஷ்வில் மலைகளுக்கும் என்னைக் கொண்டுபோவது ஐ-40 என்ற ஒரே நெடுஞ்சாலை. கிழக்குப் பகுதி சமதளம், நீள நீளமான நேர்க்கோடு. மேற்குப் பகுதி மலை. எதில் பழக வேண்டும், எதில் எச்சரிக்கை வேண்டும் என்பதை இந்தச் சாலையே எனக்குக் கற்றுக்கொடுத்தது.

குரூஸ் கன்ட்ரோலை (அமைத்த வேகத்தைத் தானே காக்கும் வசதி) இயக்குவது, காரை லேன் நடுவிலேயே ஓடவைக்கும் வசதியை இயக்குவது எல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2017இல் காடிலாக் சிடி6 காரில் வந்த சூப்பர் குரூஸ் ஆனாலும், 2021இல் வந்த ஃபோர்டின் புளூகுரூஸ் ஆனாலும், இவை இரண்டாம் நிலை உதவி அமைப்புகள்: திருப்புவதையும் வேகத்தையும் கார் பார்த்துக்கொள்ளும், ஓட்டுநர் நீங்கள்தான். கைக்குத்தான் விடுப்பு. கண்ணுக்கும் பொறுப்புக்கும் கிடையாது.

படி 1: உங்கள் கார் கைவிடும்போது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கார் எப்படி வளைகிறது என்பதைவிட எப்படி விலகிக்கொள்கிறது என்பதை முதலில் கற்க வேண்டும். சூப்பர் குரூஸில் ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் ஓர் ஒளிப்பட்டை உண்டு. பச்சை என்றால் கார் திருப்புகிறது. நீலம் என்றால் நீங்கள் திருப்புகிறீர்கள், கார் காத்திருக்கிறது. சிவப்பு மின்னினால் உடனே பிடிக்க வேண்டும். புளூகுரூஸில் அனுமதிக்கப்பட்ட சாலைப் பகுதிக்குள் இருக்கும்போது முன்திரை நீலமாக மாறும். அதைத் தாண்டினால் அமைப்பு முழுதாக அணைந்துவிடாது, கையை வைத்துக்கொண்டு ஓட்டும் முறைக்கு இறங்கும். இந்த இரண்டாவது வகை மாற்றம் சத்தமில்லாமல் நடப்பதுபோல் தோன்றும், கவனித்துப் பழகுங்கள்.

என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்டீயரிங்கிலேயே ஒளிரும் பட்டைதான் சிறந்தது. திரையின் மூலையில் உள்ள சின்னக் குறியைப் பார்க்கக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. வளைவில் அந்தப் பார்வை விலை மிகுந்தது.

படி 2: எளிய சாலையில் தொடங்குங்கள்

பகல், உலர்ந்த சாலை, தெளிவான கோடுகள், நெரிசல் இல்லாத நேரம். எனக்கு வில்மிங்டன் சாலை அப்படி அமைந்தது. அங்கே வளைவுகள் இருப்பதே தெரியாத அளவுக்கு நீண்டவை. கார் லேனின் நடுவில் போகிறதா, உள்கோட்டை ஒட்டுகிறதா, வெளிக்கோட்டுக்குச் சாய்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு காருக்கும் ஒரு சாய்மானம் இருக்கிறது. அது உங்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை மலைப்பக்கம் போக வேண்டாம்.

படி 3: வேகத்தை நீங்களே குறையுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். வளைவில் அமைப்பு திணறினால் எல்லாரும் ஸ்டீயரிங்கைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் சிக்கல் நாம் அமைத்த வேகத்தில் இருக்கிறது.

கணக்கு எளிது. வளைவில் காரைப் பக்கவாட்டில் இழுக்கும் முடுக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 300 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 70 மைல் போனால், சாலையின் பக்கவாட்டுச் சரிவைக் கணக்கில் சேர்க்காமல், சுமார் 3.3 மீட்டர்/வினாடி² வரும். அதே வளைவில் 60 மைலுக்கு இறங்கினால் 2.4தான். வேகத்தில் ஏழில் ஒரு பங்கு குறைத்தால் இழுப்பில் கால்பங்குக்கு மேல் குறைகிறது. டயருக்கு இந்த இரண்டுமே பெரிய வேலை இல்லை. ஆனால் உதவி அமைப்புக்கு டயரைவிட மிகக் குறுகிய எல்லை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐ.நா. 79ஆம் ஒழுங்குமுறை, லேன் பிடிக்கும் அமைப்புகளுக்குப் பயணிகள் கார்களில் 3 மீட்டர்/வினாடி² என்று உச்சவரம்பு விதித்திருக்கிறது. அமெரிக்கக் கார்களில் அந்த எல்லையைத் தயாரிப்பாளர்களே வைக்கிறார்கள். எல்லை எதுவாக இருந்தாலும், அதைத் தொட்டதும் கார் இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம் என்று முயலாது. வளைவின் நடுவில், உங்களுக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில், பிடி என்று கேட்கும்.

ஆகவே வளைவுக்கு முன்னால் நிற்கும் மஞ்சள் பலகையைப் பாருங்கள். வளைந்த அம்புக்குறிக்குக் கீழே 55 என்றோ 50 என்றோ எழுதியிருக்கும். அது சட்ட வேக வரம்பு அல்ல, பரிந்துரைதான். வழக்கமாகக் கையால் ஓட்டுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். கையெடுத்து ஓட்டும்போது நான் அந்த எண்ணுக்கே வேகத்தை இறக்கிவிடுகிறேன். வளைவுக்குள் நுழைந்த பிறகு அல்ல, பலகை கண்ணில் பட்டவுடனே. பின்னால் வருகிறவர்கள் அவசரப்பட்டால் அவர்களுக்கு வேறு லேன் இருக்கிறது.

புதிய கார்கள் சில இதைத் தாமே செய்கின்றன. புளூகுரூஸில் 2022இன் 1.2 பதிப்போடுதான் கூர்மையான வளைவுக்கு முன் தானாக வேகம் குறைக்கும் வசதி சேர்ந்தது. உங்கள் காரில் இருந்தால் அணைக்காமல் வையுங்கள். இருந்தாலும் அதற்கு முன்பே நீங்கள் குறைத்திருந்தால் இழப்பு எதுவும் இல்லை.

படி 4: கையை எங்கே வைப்பது

எனக்கு நெடுநாள் பிடிபடாத படி இது. எந்தக் கையேடும் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கையை எடுக்கலாம் என்றால் அதை எங்கே வைக்கிறோம்? பெரும்பாலோர் மடியில் வைக்கிறார்கள், இல்லையென்றால் காப்பிக் கோப்பையை எடுக்கிறார்கள். மணிக்கு 70 மைல் என்பது வினாடிக்கு 31 மீட்டர். சிவப்பு மின்னி, மூளை புரிந்துகொண்டு, மடியிலிருந்து கை ஏறி, பிடித்துத் திருப்புவதற்கு மூன்று வினாடி ஆனால் கார் 94 மீட்டர் போயிருக்கும். நேர்ச் சாலையில் அந்த 94 மீட்டரும் உங்கள் லேனுக்குள்ளேயே கழியலாம். வளைவில் கழியாது.

பதறிப் பிடிப்பது இன்னொரு ஆபத்து. கார் ஒரு கோணத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் வெடுக்கென்று பற்றினால் அந்தக் கோணம் உடையும், கார் பக்கத்து லேனை நோக்கித் துள்ளும். அமைப்பு அந்த நொடியில் திருப்பும் விசையையும் விட்டுவிட்டால் உங்கள் கைக்கு எதிர்பாராத பாரம் வரும்.

நான் செய்வது இது. வளைவுப் பலகையைப் பார்த்ததும் வேகத்தை இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் கீழ்ப்பாதிக்குக் கொண்டுவருகிறேன். விரல்கள் வளையத்தைச் சுற்றியிருக்கும், ஆனால் அழுத்தாது. நடை பழகும் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நடக்கிறோமே, அந்த அளவுக்கு. கார் திருப்பும்போது வளையம் விரல்களுக்குள் நழுவிச் சுழல்வதை உணர முடியும். சீராகச் சுழன்றால் கார் வளைவைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. சிறிது திருப்பி, நிறுத்தி, மறுபடி திருப்பினால் அதற்குத் தடுமாற்றம், எச்சரிக்கை வருவதற்கு முன்பே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். திரை சொல்வதற்கு முன் விரல் சொல்லிவிடும்.

எடுத்துக்கொள்ளும்போது முதலில் கார் வைத்திருக்கும் அதே கோணத்தில் பிடியை இறுக்குங்கள். பிறகுதான் திருத்தம். இந்த வரிசையை நேர்ச் சாலையில் பலமுறை செய்து பழகினால் வளைவில் கை தானாகச் செய்யும். சூப்பர் குரூஸ் போன்றவற்றில் நீங்கள் திருப்பினாலும் அமைப்பு அணைவதில்லை. பட்டை நீலமாகி, காரை லேன் நடுவே கொண்டுவந்து விட்டதும் பச்சைக்குத் திரும்பும். ஆகவே தொட்டால் அணைந்துவிடுமோ என்று தயங்க வேண்டியதில்லை.

ஸ்டீயரிங்கில் எடை மாட்டி, கை இருப்பதுபோல் ஏமாற்றும் பொருள்கள் விற்கிறார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2018இலேயே அப்படிப்பட்ட ஒரு பொருளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வாங்காதீர்கள். யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 5: முன்னே போகும் கார்

முன்னே போகும் காரோடு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற அமைப்பில் மிக நீண்டதையே தேர்ந்தெடுங்கள். வளைவில் முன்னே போகும் கார் ரேடாரின் நேர்ப்பார்வையிலிருந்து விலகிப் போகும். பாதை காலி என்று எண்ணி உங்கள் கார் நீங்கள் அமைத்த வேகத்துக்கு ஏறத் தொடங்கும். நெரிசலில் 55இல் ஊர்ந்துகொண்டிருந்த கார் வளைவின் நடுவில் 70க்குப் பாய முயல்வது இதனால்தான். எதிர்மாறாக, பக்கத்து லேனில் போகும் லாரியைத் தன் பாதையில் இருப்பதாக எண்ணிக் காரணமில்லாமல் பிரேக் போடுவதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து படி 3இல் இருக்கிறது: அமைத்த வேகமே குறைவாக இருந்தால் பாய்வதற்கு இடம் இல்லை.

படி 6: லேன் தேர்வு

மூன்று லேன் இருந்தால் நடு லேன். வலது ஓரத்தில் வெளியேறும் பாதைகள் பிரியும்போது கோடு விரிந்துகொண்டே போகும், கேமரா எந்தக் கோட்டைப் பின்பற்றுவது என்று குழம்பும். 2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் 101ஆம் நெடுஞ்சாலையில் நடந்த டெஸ்லா விபத்து இப்படிப்பட்ட பிரிவில்தான் நடந்தது. சாலை பிரியும் முக்கோணப் பகுதிக்குள் கார் தானாகத் திரும்பி, தடுப்பில் மோதியது. ஓட்டுநர் இறந்துபோனார். அவர் கவனம் கைபேசி விளையாட்டில் இருந்ததாக விசாரணை முடிவு சொன்னது. அந்த அமைப்பு கையை வைத்து ஓட்ட வேண்டியது. ஆனால் பாடம் எல்லாருக்கும் பொதுவானது: வளைவும் பிரிவும் சேர்ந்து வரும் இடத்தில் ஓட்டுவது நீங்களாக இருக்க வேண்டும்.

பெரிய லாரிக்குப் பக்கவாட்டில் வளைவுக்குள் நுழையாதீர்கள். நீண்ட டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் வருவதில்லை, விலகி வரும். முந்துங்கள், அல்லது பின்தங்குங்கள்.

எங்கே நம்பவே வேண்டாம்

ஆஷ்வில்லிலிருந்து கிழக்கே இறங்கும் ஓல்டு ஃபோர்ட் மலைச்சரிவில் நான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கையால்தான் ஓட்டுகிறேன். இறக்கமும் வளைவும் லாரிகளும் சேர்ந்த இடம் அது. கிளீவ்லாந்தின் ஐ-90இல் 'டெட் மேன்ஸ் கர்வ்' (செத்தவன் வளைவு) என்றே பெயர் வாங்கிய திருப்பம் இருக்கிறது. அங்கே பரிந்துரை வேகம் 35 மைல். அதிலும் அப்படித்தான்.

இரவில், மறுமுனை தெரியாத வளைவுகளிலும் வேண்டாம். 2024இல் சான் அன்டோனியோவிலும் பிலடெல்பியாவிலும் புளூகுரூஸ் இயங்கிய கார்கள் இரவில் சாலையில் நின்றிருந்த வாகனங்களில் மோதி உயிர்கள் போயின. அந்த ஏப்ரலில் தொடங்கிய அரசு விசாரணை 2025 ஜனவரியில் அடுத்த கட்டத்துக்கு உயர்த்தப்பட்டது. அவை வளைவைக் குறித்த விபத்துகள் அல்ல. ஆனால் நின்றுபோன வாகனத்தை வேகத்தில் கண்டுகொள்வது இந்த அமைப்புகளுக்குக் கடினம் என்றால், வளைவு அதை இன்னும் மறைத்து வைக்கிறது.

காரின் நினைவில் உள்ள சாலை வரைபடத்தையும் கண்மூடி நம்ப முடியாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் டென்னசி எல்லையோரப் பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐ-40இன் ஒரு பகுதியையே அடித்துக்கொண்டு போனது. 2025 மார்ச்சில் திறந்தபோது திசைக்கு ஒரு லேன், வேகம் 35 மைல். அப்படிப்பட்ட வேலை நடக்கும் இடத்தில் காரின் நினைவில் உள்ள சாலையும் கண்முன் உள்ள சாலையும் வேறு வேறு.

பின்சேர்க்கை

பிரேக்கைத் தொட்டால் எல்லாம் அணைந்துவிடுகிறதே, எப்படி வேகத்தைக் குறைப்பது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஸ்டீயரிங்கில் உள்ள வேகக் குறைப்புப் பொத்தானைப் பயன்படுத்துங்கள். பல கார்களில் ஒரு தட்டுக்கு 1 மைல், அழுத்திப் பிடித்தால் 5 மைல் குறையும். கார் மெதுவாகத்தான் இறங்கும், அதனால்தான் பலகையைப் பார்த்த உடனே தொடங்கச் சொன்னேன். அவசரம் என்றால் பிரேக்தான், அணைந்தால் அணையட்டும்.

சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாலையைப் பார் என்று கார் நச்சரிக்கிறது என்று இன்னொருவர் எழுதினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டுநரைக் கவனிக்கும் கேமரா அகச்சிவப்பு ஒளியில் பார்க்கிறது, சில கண்ணாடிகள் அதை மறித்துவிடும். கேமராவைக் குறை சொல்லாதீர்கள். காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ் 2024இல் 14 உதவி அமைப்புகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சோதித்தபோது 11 மோசம் என்ற தரத்தையே பெற்றன. ஓட்டுநரைக் கண்டிப்பாகக் கவனிக்கும் காரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாவது கேள்வி முக்கியமானது. நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் வளைவில் ஸ்டீயரிங் உதவி நின்றுவிட்டது, வேகம் மட்டும் குறையவில்லை என்று ஒருவர் சொன்னார். பல கார்களில் திருப்பும் உதவியும் குரூஸ் கன்ட்ரோலும் தனித்தனி. ஒன்று போனாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்கும். எனவே வெளியேறும் பாதைக்குள் நுழையும் முன்பே பிரேக்கைத் தொட்டு இரண்டையும் அணைத்துவிடுங்கள், திரையில் குரூஸ் குறி மறைந்ததா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.