ஜெபம் வறண்டுபோன நாட்களில் நாம் செய்கிற தவறுகள்

அப்பா இறந்த பிறகு எட்டு மாதம் எனக்கு ஜெபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன், பாட்டுப் பாடினேன், காணிக்கை போட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வேதத்தைத் திறந்தால் எல்லாம் தொண்டையோடு நின்றுவிடும். அந்த நாட்களில் நான் செய்த தவறுகளையே இங்கே சிங்கப்பூரில் நம் சபைகளில் பலரும் செய்வதைப் பார்க்கிறேன்.

முதல் தவறு, ஆண்டவருக்கு முன்னால் நல்லபடியாகப் பேசப் பார்ப்பது. நம் ஜெபத்துக்கென்று ஒரு மொழி இருக்கிறது. "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே" என்று பெரியவர்கள் தொடங்கும்போது கேட்கவே மனசு நிறையும். ஆனால் உள்ளே எரிந்துகொண்டிருக்கும்போது அதே வார்த்தைகள் திரையாகிவிடும். "எல்லாம் நன்மைக்கே, ஸ்தோத்திரம்" என்று வாய் சொல்லும், "ஏன் அவரை எடுத்தீர்?" என்ற கேள்வி உள்ளேயே கிடக்கும்.

சங்கீதக்காரர்கள் அப்படி மறைக்கவில்லை. 13ஆம் சங்கீதத்தின் முதல் வரியே, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்ற கேள்விதான். 88ஆம் சங்கீதம் இன்னும் கடினமானது. 18 வசனங்களையும் வாசித்துப் பாருங்கள், கடைசிவரை இருட்டுதான். ஆனாலும் அந்த மனிதர் தன் புலம்பலை வேறு யாரிடமும் கொண்டுபோகவில்லை, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அவரிடமேதான் கொட்டுகிறார். இப்படிப் பேசினால் மரியாதைக் குறைவு ஆகாதா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சங்கீதத்தைத்தான் காட்டுவேன். விசுவாசம் இல்லாதவன் ஆண்டவரிடம் போய் ஏன் முறையிடப்போகிறான்?

ஒருநாள் இரவு வேலை முடிந்து வடகிழக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பெட்டி கிட்டத்தட்ட காலி. புவாங்கோக் தாண்டியதும், "ஆண்டவரே, உம்மேல் கோபமாக இருக்கிறேன். உம்மோடு பேசவே பிடிக்கவில்லை" என்று மெல்லச் சொன்னேன். பொங்கோல் வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த எட்டு மாதத்தில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அதுதான்.

அப்புறம், "மனசு ஒருநிலைப்படட்டும், பிறகு ஜெபிக்கலாம்" என்று தள்ளிப்போடுவது. மனசு தானாக ஒருநிலைப்படுவதில்லை. என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாத நேரத்தில் ஆவியானவர் நமக்காகப் பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியிருக்கிறார். அதை நம்பிச் சின்னதாகத் தொடங்குங்கள். காலையில் துணியை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டும்போது ஒரே ஒரு வரி, "இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொள்ளும்." போதும்.

பேரம் பேசுவது இன்னொன்று. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைத்த, புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவோம். ஒட்டுவதில் தவறில்லை, என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் போராட்டம் வரும்போது அதை ஒப்பந்தப் பத்திரம்போல் ஆண்டவர் முன் நீட்டுகிறோம். மூன்று நாள் உபவாசம் இருந்தேன், இன்னும் பதில் இல்லையே என்று கணக்குப் பார்க்கிறோம். பவுல் தன் சரீரத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. உபவாசம் நம்மைத்தான் ஆண்டவர் பக்கம் திருப்பும், அவருக்குக் கொடுக்கும் முன்பணம் ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. எந்தச் சோர்வையும் பாவம் அல்லது பிசாசு என்று முத்திரை குத்துவது. "உனக்குள் ஏதாவது மறைவான பாவம் இருக்கிறதா?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். யோபுவின் நண்பர்களும் இப்படித்தான் பேசினார்கள், கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் வந்தது. தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுத் தூங்குகிறார், மறுபடி எழுப்பப்பட்டுச் சாப்பிடுகிறார். அதன் பிறகுதான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடை.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்துவிட்டு நாலு மணி நேரம் தூங்குகிறவருக்கு ஜெபம் வராவிட்டால், முதலில் தூங்கட்டும். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டால் பாலிகிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். எலியாவைப்போல, வாழ்வதே போதும் என்று தோன்றினால் தயவுசெய்து உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767க்குப் போன் பண்ணுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பார்கள். அதனால் உங்கள் விசுவாசம் குறைந்துவிடாது. தூதன் வைத்த அடையைச் சாப்பிட்டதால் எலியாவின் விசுவாசமும் குறையவில்லை.

கடைசியாக, தனியாகவே சுமப்பது. சிங்கப்பூர் சின்ன ஊர், தமிழ்ச் சபைகளில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சொன்னால் பரவிவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அதனால் வீட்டுக்கூட்டத்தில் "பொதுவாக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தப்பித்துவிடுகிறோம். கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரை அழைத்து, இங்கே தங்கி விழித்திருங்கள் என்று கேட்டார். சபை முழுவதற்கும் சொல்ல வேண்டாம், வாய் அடக்கமான ஒருவர் போதும்.

நான் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் ஓர் அக்காவிடம் சொன்னேன். அவர் வசனம் எதுவும் சொல்லவில்லை. "ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுறேன். நான் ஜெபிக்கிறேன், நீ சும்மா போனைக் காதுல வச்சுக்க" என்றார். தினமும் கூப்பிட்டார். முதல் மூன்று வாரம் நான் ஆமென்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை.