உப்புநீர்த் தொட்டிக்குப் புரோட்டீன் ஸ்கிம்மர்: தேர்ந்தெடுப்பதும் மாற்றியமைப்பதும்

சென்னை கொளத்தூரின் மீன் கடைகளில் நன்னீர் மீன்களோடு பழகிவிட்டு, அடுத்ததாகக் கடல்மீன் தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த ஸ்கிம்மர் (நீரின் அழுக்கை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவி) நல்லது என்பதுதான். அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் நீர் நிற்கிறது, நாளொன்றுக்கு எவ்வளவு தீனி போடப் போகிறீர்கள், சம்ப்பில் (தொட்டியின் நீர் இறங்கிச் சுத்தமாகித் திரும்பும் துணைத்தொட்டி) ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீர்மட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்பவையே அவை. இவை தெரிந்துவிட்டால் கடைக்காரர் காட்டும் பத்துக் கருவிகளில் ஏழெட்டு தாமாகவே விலகிவிடும்.

கருவி செய்யும் வேலை

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் நீரில் கரையும்போது புரதங்கள், கொழுப்பு அமிலங்கள் போன்ற கரிமப் பொருள்கள் உண்டாகின்றன. இவற்றுள் பலவற்றின் மூலக்கூறுகளுக்கு நீரை நாடும் முனை ஒன்றும், நீரை விலக்கும் முனை ஒன்றும் உண்டு. நீரை விலக்கும் முனை காற்றைத் தேடிச் செல்வதால், நீருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை நிரப்பினால் அந்த மூலக்கூறுகள் குமிழிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் மேலேறிக் கழுத்துக் குழாயில் நெருங்கி நுரையாகி, நுரையிலிருந்து நீர் வடிந்து, அழுக்கு மட்டும் மேலே உள்ள கப்பில் சேர்கிறது. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் இணைவதில்லை. அதனால் அவை சிறியவையாகவே நீடிக்கின்றன. நன்னீரில் அவை விரைவில் ஒன்றுகூடிப் பெரிதாகி வெடித்துவிடும். ஆகவே புதுக் கருவியைக் குழாய்நீர் வாளியில் வைத்து நுரை வருகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. அங்கே கசிவு இருக்கிறதா என்பதை மட்டும் சோதிக்கலாம்.

கழிவு அழுகி அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுவதற்கு முன்பே அதில் ஒரு பகுதியை வெளியேற்றுவதுதான் ஸ்கிம்மரின் சிறப்பு. ஏற்கெனவே உருவான அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் அது நேரடியாக எடுக்காது. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தபோது, அவை நீரில் இருந்த மொத்தக் கரிமக் கார்பனில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் நீக்கின. கருவிக்குக் கருவி இருந்த வேறுபாடும் விலை வேறுபாட்டின் அளவுக்கு இல்லை. தொடக்கநிலையில் இருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பெயர் பெற்ற நிறுவனத்தின் மேல்நிலை மாடலுக்குச் செலவிடுவதைவிட, நடுத்தர விலைக் கருவியைச் சரியாகப் பொருத்தி, மீதிப் பணத்தை நல்ல உப்புக்கும் ஆர்.ஓ. நீருக்கும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

சென்னையில் ஸ்கிம்மர் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. கடல்நீரில் 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் கரையுமென்றால், 30 டிகிரியில் 6.2 மில்லிகிராம்தான் கரையும். மே மாதத்தில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி எளிதாக 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நாள்களில் ஸ்கிம்மர் உள்ளிழுக்கும் காற்று, அழுக்கை எடுப்பதற்கு ஈடான அளவுக்கு மீன்கள் மூச்சுவிடவும் உதவுகிறது.

முதல் படி: அளவைத் தீர்மானித்தல்

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 255 லிட்டர். மேல் விளிம்பில் விடும் இடைவெளி, கல், மணல் ஆகியவற்றைக் கழித்தால் 200 லிட்டர் போல நிற்கும். சம்ப்பில் 50 லிட்டர் இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 250. அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் லிட்டர் அளவு பெரும்பாலும் மீன்கள் மிகக் குறைவாக உள்ள தொட்டிக்கானது. உள்ளே இருக்கும் தாளில் குறைந்த சுமை, அதிகச் சுமை என்று பிரித்திருப்பார்கள். அதிகச் சுமைக்கான எண் உங்கள் 250 லிட்டருக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் போதும்.

பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். நுரை நிலைத்து நிற்பதற்கே கரிமப் பொருள் தேவைப்படுகிறது. அழுக்குக் குறைவான தொட்டியில் அகலமான கழுத்துள்ள கருவியை வைத்தால், நுரை பாதி உயரம் ஏறி உடைந்து இறங்கும். தீனி போட்ட சில மணி நேரத்திற்குப் பிறகு மட்டும் சிறிது வேலை செய்யும். அளவாக வாங்குங்கள்.

இரண்டாம் படி: மின்சாரத்தைப் பார்த்தல்

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி ஸ்கிம்மர் வாங்கிவரச் செய்யும் வழக்கம் இங்கே உண்டு. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்துவிடலாம், ஆனால் ஹெர்ட்ஸ் மாறாது. இந்தக் கருவிகளில் உள்ள சின்க்ரோனஸ் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது என்பதால், அங்கே நிமிடத்திற்கு 3600 சுற்று சுற்றியது இங்கே 3000 சுற்றுதான் சுற்றும். வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும்போது உள்ளிழுக்கும் காற்றும் குறைந்துவிடும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டருடன் வரும் டி.சி. பம்ப் மாடல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அவற்றில் உண்டு. ஏ.சி. பம்ப் உள்ளதை வாங்குவதானால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பம்பின் மேலேயே பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாம் படி: நீர்மட்டம்

இதில்தான் பெரும்பாலான தொட்டிகள் தவறுகின்றன. சம்ப்பில் வைக்கும் ஸ்கிம்மர்கள் பலவற்றுக்கு 18 முதல் 23 சென்டிமீட்டர் ஆழம் குறிக்கப்பட்டிருக்கும். மட்டம் கூடினால் கருவிக்குள்ளும் நீர் உயர்ந்து, வடியாத ஈரநுரை கப்பை நிரப்பிவிடும். குறைந்தால் நுரை கழுத்தையே எட்டாது. சென்னை வெயிலில், அதிலும் மின்விசிறி ஓடும் தொட்டியில், நாள்தோறும் பல லிட்டர் நீர் ஆவியாகிப் போவதால், மட்டம் மாறும் அறையில் ஸ்கிம்மரை வைத்தால் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் ஓடும்.

தீர்வு எளியது. தொட்டியிலிருந்து நீர் இறங்கும் அறையையோ அதற்கு அடுத்த அறையையோ ஸ்கிம்மருக்கு ஒதுக்கி, அதன் கண்ணாடித் தடுப்பின் உயரத்தைத் தேவையான ஆழத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். தடுப்பைத் தாண்டி நீர் வழிவதால் அந்த அறையின் மட்டம் மாறாது. ஆவியாதலின் விளைவு நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும், கடைசியில் உள்ள ரிட்டர்ன் பம்ப் அறையில் மட்டுமே தெரியும். ஏற்கெனவே செய்துவிட்ட சம்ப்பில் ஆழம் அதிகமாக இருந்தால், டியூப்லைட் டிஃப்யூசராகப் பயன்படும் கட்டக்கட்டமான பிளாஸ்டிக் தட்டை வெட்டி, பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கால்களாக வைத்து, ஒரு மேடை அமைத்து அதன்மேல் கருவியை நிறுத்தலாம். கருவியை உயர்த்தும் இந்த மேடைதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்லும் ஏற்பாடு.

நான்காம் படி: பழக விடுதல்

புதுக் கருவியின் பிளாஸ்டிக்கில் தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பசை இருக்கும். வினிகர் கலந்த நீரில் ஒரு முறை ஓடவிட்டு அலசிய பிறகும், ஓரிரு வாரங்கள் அது ஒழுங்காக ஓடாமல் திடீரென்று பொங்கும் அல்லது நுரையே காட்டாது. அந்த நாள்களில் கருவியிலிருந்து நீரை வெளியேற்றும் வால்வை நன்றாகத் திறந்து வைத்து, நுரையைக் கழுத்தின் அடிப்பகுதியிலேயே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பவளம் ஒட்டும் எபாக்ஸியும் சில மருந்துகளும் நுரையைக் கட்டுப்பாடில்லாமல் பெருக்கும். கையில் உள்ள தேங்காய் எண்ணெயோ கிரீமோ நுரையை அடியோடு அமர்த்திவிடும். நுரை நிலைபெற்ற பிறகு வால்வைச் சிறிது சிறிதாக மூடி, கப்பில் டிகாஷன் நிறத்தில் கழிவு சேரும்வரை கொண்டுவாருங்கள். ஒரு முறை திருப்பினால் அரை நாளாவது விட்டுப் பாருங்கள்.

இந்த நிலை வரும் முன் எந்த மாற்றத்தையும் தொடங்க வேண்டாம். எது மேம்பட்டது, எதனால் மேம்பட்டது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: மாற்றங்கள்

மாற்றத்தைத் தொடங்குமுன் கருவி இழுக்கும் காற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வகக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும், நிமிடத்திற்கு 10 லிட்டர் வரை காற்றோட்டத்தைக் காட்டும் சிறிய ரோட்டாமீட்டரைக் காற்றுக் குழாயின் வாயில் பொருத்தினால் போதும். பம்பைத் தொடும் எந்த வேலைக்கும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்ட பிறகே கையை நீரில் விடுங்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டியின் மின் இணைப்புக்கு மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது கட்டாயம்.

முதல் மாற்றம் காற்று வரும் வழி. காற்று நுழையும் வென்சுரி முனையில் உப்புப் படிந்து துளை சுருங்கிவிடுவது வழக்கம். வெந்நீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் துடைத்தாலே காற்று கூடும். அடுத்து, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏ.சி.க்காகக் கதவு சன்னல்களை மூடிய அறையில் நம் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு கூடி, ஸ்கிம்மர் அதையே நீருக்குள் செலுத்துவதால் பி.எச். இறங்கும். குழாயை நீட்டிச் சன்னலுக்கு வெளியே விட்டால் பி.எச். உயர்வதைக் காணலாம். ஆனால் நம் ஊரில் வெளிக்காற்றுக்கும் நேரங்காலம் உண்டு. மாநகராட்சியின் கொசுப்புகை வண்டி தெருவில் வரும்போதும், போகியன்று விடியற்காலையிலும் குழாயை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் அல்லது ஸ்கிம்மரை நிறுத்திவையுங்கள். வீட்டுக்குள்ளேயே கொசுவர்த்தியும் சாம்பிராணியும் ஏற்றுகிறவர்கள் குழாயின் வாயில் கரித்துகள் நிரப்பிய சிறு டப்பாவைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பூச்சிகளைக் கொல்லும் மருந்து இறால்களையும் நண்டுகளையும் விட்டுவைக்காது.

இரண்டாவது, வெளியேற்றும் குழாயில் கேட் வால்வு. மலிவான கருவிகளில் குழாயைத் திருகி மட்டத்தை மாற்றும் அமைப்பு இருக்கும். மயிரிழை திருப்பினாலும் நுரை ஓரங்குலம் மாறும். கேட் வால்வு பல சுற்றுகளில் மெல்ல மூடுவதால் கட்டுப்பாடு நுட்பமாக அமைகிறது. பிளம்பிங் கடையில் கேட் வால்வு கேட்டால் பெரும்பாலும் பித்தளையோ கன்மெட்டலோ எடுத்துத் தருவார்கள். அவற்றில் உள்ள செம்பு நீரில் கசிந்து இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பதால் முழுவதும் பி.வி.சி.யாலான வால்வுக்காகத் தேடியலைவதில் பொருள் உண்டு. அது கிடைக்காவிட்டால் பழைய அமைப்பே இருக்கட்டும்; பால் வால்வு (உள்ளே உருண்டை உள்ளது) ஒரே கால்சுற்றில் திறந்து மூடுவதால் இங்கே உதவாது. வாங்குமுன் ஸ்கிம்மர் குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் மில்லிமீட்டர் அளவுக் குழாயும் அங்குல அளவு வால்வும் பொருந்தாது. சால்வென்ட் சிமென்ட் ஒட்டிய பாகத்தை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, நீரில் அலசிய பிறகே தொட்டிக்குக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, பம்பினுள் சுழலும் சக்கரமான இம்பெல்லரில் வலை தைப்பது. நீடில் வீல் எனப்படும் ஊசிச் சக்கரத்தின் ஊசிகளை வெட்டிவிட்டு, அதன் வட்டத் தட்டில் முரட்டு நைலான் வலையை இரண்டு மூன்று அடுக்காக வைத்துத் தூண்டில் நரம்பால் தைத்தால், காற்று இன்னும் நுண்ணிய குமிழிகளாக நறுக்கப்படும். உள்ள இம்பெல்லரில் கை வைக்காமல் உதிரி ஒன்று வாங்கி அதில் செய்யுங்கள். வலை வட்டமாகவும் சமநிலையோடும் இருக்க வேண்டும், பம்பின் உள்சுவரில் உரசக் கூடாது, கையால் சுழற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். சாயமேற்றியதும், சிராய்ப்புப் பொடி பூசியதும், வாசலில் போடும் மிதியடியிலிருந்து வெட்டியதும் வேண்டாம். பிறகு மின் அளவியில் வாட்டைப் பாருங்கள். நீரோடு காற்று நிறையக் கலந்தால் பம்பின் சுமை குறைந்து வாட்டும் குறையும். முன்பைவிட வாட் கூடியிருந்தால் வலை அதிகம் என்று பொருள். ஓரத்தைக் கத்தரித்து மீண்டும் அளந்து பாருங்கள். ஆறு மாதமாவது கருவியோடு பழகியவர்கள் மட்டும் இதைச் செய்யலாம் என்பது என் கருத்து. முதல் இரண்டு மாற்றங்களே பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும்.

கப்பின் அடியில் துளையிட்டுக் குழாய் பொருத்திக் கழிவைப் பெரிய கேனுக்கு இறக்குவது வெளியூர் செல்கிறவர்களுக்கு உதவும், ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கருவி பொங்கினால் உப்புநீர் கேனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆவியாகும் நீரை ஈடுசெய்ய வைத்திருக்கும் தானியங்கி நிரப்பி, குறைந்ததை நன்னீரால் ஈடுசெய்துகொண்டே இருக்கும். திரும்பி வரும்போது தொட்டியின் உப்புத்தன்மை சரிந்திருக்கும். கேன் நிறைந்தால் ஸ்கிம்மரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் மிதவை சுவிட்ச் இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

மின்வெட்டுக்கான ஏற்பாடு

மின்சாரம் போனால் தொட்டியின் மேல்மட்ட நீர் சம்ப்புக்கு இறங்கி, ஸ்கிம்மர் நிற்கும் அறையும் மூழ்கக்கூடும். மின்சாரம் வந்தவுடன் ரிட்டர்ன் பம்பும் ஸ்கிம்மரும் ஒன்றாகத் தொடங்கினால் மட்டம் இறங்குவதற்குள் கப் பொங்கி வழிந்துவிடும். ஸ்கிம்மருக்கு மட்டும் சில நிமிடங்கள் தாமதித்து மின்சாரம் தரும் டைமர் வையுங்கள். ஃபிரிட்ஜுக்கான ஸ்டெபிலைசர்களில் இத்தகைய தாமதம் உள்ளமைந்தே வருவதுண்டு. வோல்ட் ஏற்ற இறக்கத்திலிருந்தும் அது பம்பைக் காக்கும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் வகையில் பம்ப் இரைந்து சூடாகும்.

பராமரிப்பு

கப்பையும் கழுத்தின் உள்பக்கத்தையும் வாரம் இருமுறை வெறும் நீரில் துடையுங்கள். கழுத்தில் படியும் பசை நுரை ஏறுவதைத் தடுக்கும். சோப்பு எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை பம்பைக் கழற்றி, வினிகரும் நீரும் சமபங்கு கலந்த வாளியில் அரைமணி நேரம் ஓடவிட்டால் இம்பெல்லரிலும் காந்தத்திலும் படிந்த சுண்ணாம்பு கரைந்துவிடும். நன்னீரில் அலசிப் பொருத்திய பின் ரோட்டாமீட்டரில் மீண்டும் ஒருமுறை காற்றை அளந்து, தொடக்கத்தில் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். சுத்தம் செய்த பிறகும் எண் குறைவாகவே இருந்தால், தேய்ந்தது இம்பெல்லரா அதன் புஷ்ஷா என்று பார்த்து, அதை மட்டும் மாற்றினால் போதும்.