சீட்டுப் பெட்டிக் கணக்கை மெஷினில் போடாதீர்கள்

கப்பல் கேசினோக்களில் ஸ்லாட் மெஷின், அதாவது பட்டனை அழுத்தினால் படங்கள் சுற்றி நிற்கும் சூதாட்ட மெஷின், பழுதுபார்ப்பது என் தொழில். லீவில் ராயபுரம் வந்தால், கோவா போய்ப் பணத்தை விட்டுவந்த பையன்கள் யாராவது வந்து நிற்பார்கள். ஒரு காலத்தில் சுரண்டல் லாட்டரிக் கடை வாசலில் நாங்கள் நம்பியதையே இன்று இவர்களும் நம்புகிறார்கள். கடன் வாங்கி ஆடாதே, குடித்துவிட்டு ஆடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"இவ்வளவு நேரம் தரல, இனி கொட்டும்"

போன மாதம் வந்தவன் காசிமேட்டுப் பையன், போட்டில் வேலை. மாண்டோவி ஆற்றுக் கேசினோவில் ஒரே மெஷினில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். பாத்ரூம் போகும்போதுகூட வேறு யாரும் உட்காராதபடி நாற்காலியை மெஷின் மேல் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறான். "அண்ணே, சாயங்காலத்துலேருந்து அது யாருக்குமே கொடுக்கல. எனக்குத்தான் வரணும்." வலைக்கு வைத்திருந்த அட்வான்ஸ் மொத்தமும் போய்விட்டது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது.

அவன் போட்டது சீட்டுப் பெட்டியின் கணக்கு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து பார்களில் 'புல்-டேப்' என்று ஒரு சீட்டு விற்கிறார்கள். ஒட்டியிருக்கும் காகிதப் பட்டையை இழுத்துக் கிழித்தால் உள்ளே படம் தெரியும். பெட்டியில் இத்தனை சீட்டு, அதில் இத்தனை பரிசு என்று அச்சடிக்கும்போதே முடிவாகிவிடும். 2,000 சீட்டு, சீட்டு 10 ரூபாய், மொத்தப் பரிசு 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியையே வாங்கினாலும் 4,000 நஷ்டம். ஆனால் பாதி விற்ற பிறகும் பெரிய பரிசு வரவில்லை என்றால், அது மீதிச் சீட்டில்தான் இருக்கிறது. அங்கே முன்னால் நடந்தது கணக்கில் சேரும்.

ஸ்லாட் மெஷினில் சேராது. உள்ளே இருக்கும் சிப், யாரும் ஆடாத நேரத்திலும் நிற்காமல் எண்களை மாற்றிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தும் கணத்தில் எந்த எண் விழுகிறதோ அதுதான் முடிவு. படங்கள் சுற்றுவது அதைக் காட்டத்தான். ராத்திரி முழுக்கத் தராத மெஷினுக்கும், இப்போதுதான் தந்த மெஷினுக்கும் அடுத்த அழுத்தலில் வாய்ப்பு சமம்தான். நீங்கள் எழுந்ததும் அடுத்தவருக்கு விழுந்தால் அது உங்கள் பணம் இல்லை. அவர் அழுத்திய கணம் வேறு, எண்ணும் வேறு.

தோற்றத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். மினசோட்டா 2012இல் மின்னணு புல்-டேப்பை அனுமதித்தது. திரையில் ஆடுவதால் ஸ்லாட் என்று தோன்றலாம், ஆனால் உள்ளே இருப்பது எண்ணி வைத்த சீட்டு.

ரெண்டு ஏழு விழுந்தது, மூணாவது மயிரிழையில் போச்சு

போகவில்லை. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் எல்லா இடமும் சமமாகத் தெரியும். சிப்பில் அப்படி இல்லை. பெரிய பரிசுப் படத்துக்குக் குறைவான எண்களையும், அதன் மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு நிறைய எண்களையும் ஒதுக்கலாம். அதனால்தான் அடிக்கடி மயிரிழையில் தப்பியது போலத் தெரியும். இந்த முறைக்கு 1984இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

மெஷினைத் தட்டுவது, பட்டனை மெதுவாக அழுத்துவது

பலன் இல்லை.

"90 சதவீதம் திருப்பித் தருமாமே"

கொண்டுபோன பணத்தில் இல்லை, வைக்கும் ஒவ்வொரு பந்தயத்திலும். 50 ரூபாய் வீதம் நிமிடத்துக்கு 8 முறை அழுத்தினால் மணிக்கு 24,000 ரூபாய் பந்தயம். சராசரியாக 2,400 ரூபாய் போகும்.

மூணு நம்பர்

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் தெருவில் நடக்கும் பந்தயம் இது. வாய்ப்பு 1,000இல் 1. விழுந்தும் பந்தயம் நடத்துபவன் பணம் தரவில்லை என்றால் எந்த ஸ்டேஷனிலும் போய்க் கேட்க முடியாது.