ஊருக்குப் போறப்ப ட்ரோன் காம்போ வாங்கிட்டுப் போகலாமான்னு கேக்கறவங்களுக்கு

லீவுக்கு டிக்கெட் போட்டதும் இங்க நியூஜெர்சி பக்கம் நம்மாளுங்க கேக்கற கேள்வி ஒண்ணுதான். டிஜேஐ மினி 4 ப்ரோ வாங்கலாம்னு இருக்கேன், வெறும் ட்ரோன் போதுமா இல்ல கூடுதல் பேட்டரி, சார்ஜிங் ஹப், பை எல்லாம் சேத்து விக்கற ஃப்ளை மோர் காம்போவாவே வாங்கிடலாமா, ஊர்ல வயக்காடு, கோயில் கோபுரம், தங்கச்சி கல்யாணம் எல்லாத்தையும் மேலேருந்து எடுத்துடணும்னு கேக்கறாங்க. காம்போ பத்தி அப்புறம் வர்றேன். ஊருக்குன்னு வாங்கறதா இருந்தா காம்போ என்ன, ட்ரோனே வேண்டாம்.

2022 பிப்ரவரி 9லேருந்து வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள்ள கொண்டு வர்றதுக்கே தடை. ஏற்றுமதி இறக்குமதி விதி போடற மத்திய அரசு ஆபீஸ் டிஜிஎஃப்டி, அது போட்ட உத்தரவு. முழுசா கொண்டு வந்தாலும் சரி, பிரிச்சு ரெண்டு பெட்டில போட்டுக் கொண்டு வந்து ஊர்ல மாட்டிக்கலாம்னு நினைச்சாலும் சரி, தடை தடைதான். ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு இந்த மூணுக்குத்தான் விலக்கு, அதுக்கும் முறையா அனுமதி வாங்கணும். தங்கச்சி கல்யாணம் இந்த மூணுல எதுலயும் வராது.

இதச் சொன்னா உடனே ஒருத்தர் வருவார், சார் மினி 249 கிராம்தானே, 250க்குக் கீழ லைசென்ஸே வேண்டாமேன்னு. அவர் சொல்றதுல தப்பில்ல. இந்தியாவோட ட்ரோன் விதிகள் 2021ல 250 கிராம் வரைக்கும் நானோ, நானோ ஓட்ட பைலட் சர்ட்டிபிகேட் தேவையில்ல. ஆனா அது பறக்கவிடற விதி. நம்மள மாட்டி விடறது இறக்குமதி விதி. ரெண்டும் வேற வேற ஆபீஸ், வேற வேற காயிதம். ஒண்ணுல ஓகேன்னா இன்னொண்ணுலயும் ஓகேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் பாதிப் பேர் பெட்டிய எடுத்துட்டுக் கிளம்பறாங்க, அமெரிக்காவுல 250 கிராமுக்குக் கீழ பொழுதுபோக்குக்குப் பறக்கவிட அந்த ஊர் விமானத்துறையான எஃப்ஏஏல பதிவு பண்ண வேண்டாங்கறதால அந்த 249ங்கற நம்பரே ஏதோ உலகத்துக்கே செல்லுபடியாகற பாஸ் மாதிரி ஆயிடுச்சு.

சரி, ஏற்கனவே வாங்கியாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு, நடுவுல வேற நாட்டுல இறங்கி அங்க எடுக்கணும்னு ட்ரோன் கூடவே வருது, அப்ப என்ன பண்றது? இதுக்கு ஒரு வழி இருக்கு, கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நான் போனப்ப இதை எனக்குச் சொல்லித்தர ஒரு ஆள் கிடைக்கல.

சுங்கச் சட்டம் 1962, பிரிவு 80. உங்க பெட்டில தடை பண்ணின பொருள் இருந்து, அதை நீங்களாவே ஒழுங்கா டிக்ளேர் பண்ணிட்டா, திரும்பிப் போறப்ப கொடுங்கன்னு கேட்டு அவங்க கிட்டயே வெச்சுட்டுப் போகலாம். பொருளை வாங்கி வெச்சதுக்கு டிடென்ஷன் ரசீது கொடுப்பாங்க. இதுல உயிர்நாடி, நீங்களாவே சொல்லணுங்கறது. டிக்ளேர் பண்ண ஒண்ணும் இல்லாதவங்க போற பச்சை வழியில நைசா நடந்து போய் ஸ்கேன்ல மாட்டினீங்கன்னா பிரிவு 80 பேச்சே கிடையாது, பறிமுதல், அபராதம்னு கதை வேற பக்கம் போயிடும். டிக்ளேர் பண்றவங்களுக்கான சிவப்பு வழில போங்க. நிறைய பேருக்கு சிவப்பு வழின்னாலே ஏதோ திருடனோட லைன் மாதிரி ஒரு கூச்சம், அதெல்லாம் பாக்காதீங்க.

நான் சிவப்பு வழிலதான் போனேன். எந்த ஏர்போர்ட்டுன்னு சொல்லப் போறதில்ல, எல்லா இடத்துலயும் கதை இப்படித்தான் இருக்கும்னு வெச்சுக்குங்க. ராத்திரி நேரம், கவுண்ட்டர்ல இருந்த பையன் ரொம்ப மரியாதையான பையன், ட்ரோன் பைத்தியம் வேற, பெட்டியத் திறந்ததும் மொகமெல்லாம் மலர்ந்து போச்சு, சார் இது ஆர்சி 2 ரிமோட்டா, ஸ்க்ரீன் வெயில்ல தெரியுதான்னு கேட்டுக்கிட்டே ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வெச்சான். அங்கதான் காம்போ தன் வேலையக் காட்டுச்சு. வெறும் ட்ரோனா இருந்தா ட்ரோன் ஒண்ணு, ரிமோட் ஒண்ணு, பேட்டரி ஒண்ணுன்னு முடிஞ்சிருக்கும். காம்போவுல பேட்டரி மூணு, அதச் சொருகற சார்ஜிங் ஹப், ஒயர், கூடுதல் இறக்கை, வெளிச்சத்தைக் குறைக்க கேமரா முன்னாடி மாட்டற என்டி ஃபில்டர், தனியா வாங்கினது, ஒரு டப்பா. ஒவ்வொண்ணும் ரசீதுல ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் சீரியல் நம்பர் இருக்கான்னு தேடணும். ஃபில்டர்ல ஏது சீரியல் நம்பர்? மேலதிகாரிய கூப்பிட்டான், அவர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து அந்தக் குட்டி பிளாஸ்டிக் கவரைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு, இதுல ஸ்க்ரூ எத்தனைன்னு கேட்டார். எண்ணினோம் சார். இறக்கைக்கான ஸ்க்ரூ, அரிசில கல் பொறுக்கற சைஸ்ல இருக்கும், ஒண்ணு மேஜைக்கு அடியில உருண்டு போய் ரெண்டு பேரும் குனிஞ்சு தேடினோம்.

வெளிய சித்தப்பா மன்னார்குடி பக்கத்துலேருந்து கார் எடுத்துட்டு வந்து நிக்கறார். போன் மேல போன். உள்ள என்னடா பண்றே, எல்லாரும் வந்தாச்சுன்னு. வீட்டுல அம்மா முழிச்சுக்கிட்டு, இட்லிக்கு ஊத்தவா வேண்டாமான்னு அவங்க பங்குக்கு ஒரு போன்.

சட்டப்படி பாத்தா உதிரி பாகம் இறக்குமதிக்கு எந்த அனுமதியும் தேவையில்ல. அப்ப இறக்கையும் ஃபில்டரையும் நான் கையோட எடுத்துட்டுப் போயிடறேனேன்னு கேட்டேன். பெரியவர் யோசிச்சுட்டு, ஒரே செட்டுல வந்தது ஒண்ணாவே இருக்கட்டும் தம்பின்னுட்டார். கடைசில எல்லாத்தையும் ஒரு அட்டைப்பெட்டில போட்டு சுத்தி டேப் ஒட்டி கையெழுத்துப் போட்டு, காம்போவோட வந்த அந்தத் தோள்பையை மட்டும் காலியா என் கையில கொடுத்தாங்க. அம்மா அதுல இப்ப ரேஷன் சர்க்கரை வாங்கிட்டு வர்றாங்க, ஜிப் நல்லா இருக்காம்.

ரசீதைப் பத்திரமா வெக்கணும், அசல் இல்லாம பெட்டி வராது. போட்டோவும் எடுத்து வெச்சுக்குங்க. எங்கம்மா அதை எல்ஐசி பத்திரம் இருக்கற டிரங்குப் பெட்டில வெச்சுட்டாங்க, ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு சாவியக் காணோம்.

அடுத்தது திரும்பி வாங்கறது, இதுதான் பெரிய தலைவலி. பெட்டி எந்த ஏர்போர்ட்டுல இருக்கோ அங்கேருந்துதான் கிளம்பணும். சென்னைல இறங்கி திருச்சில ஏறலாம்னு டிக்கெட் போடற ஆளுங்க இதை நல்லா யோசிச்சுக்குங்க. சட்டத்துல வேற ரெண்டு வழியும் இருக்கு, உங்களால வாங்க முடியலன்னா வெளிநாடு போற வேற ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்து அவர் மூலமா வாங்கலாம், இல்ல உங்க பேருக்கு கார்கோவா அனுப்பச் சொல்லலாம். ரெண்டுக்கும் திரும்ப காயிதம், திரும்ப அலைச்சல். நான் கிளம்பற ஏர்போர்ட் சரியாத்தான் இருந்துச்சு, பிளைட்டுதான் விடியக்காலம். கிடங்குச் சாவி வெச்சிருக்கறவர் ஷிப்ட் முடிஞ்சு போயிட்டார், அடுத்தவர் வரணும். புறப்பாட்டுல கேட்டா வருகைல கேளுங்கங்கறாங்க, வருகைக்குப் போக பயணிக்கு அந்தப் பக்கம் வழியில்லங்கறாங்க. இவ்வளவுக்கும் முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லியாச்சு. கடைசில இமிக்ரேஷன் எல்லாம் முடிச்சு கேட்டுக்கிட்ட உக்காந்திருக்கறப்ப ஒருத்தர் பெட்டியக் கொண்டு வந்து, ரசீதுல இருக்கற வரியெல்லாம் திரும்ப ஒண்ணொண்ணா டிக் பண்ணி, கையெழுத்து வாங்கி, ஹேண்ட்லிங் சார்ஜ் ரசீதையும் கேட்டு வாங்கிப் பாத்துட்டுக் கொடுத்தார். ஸ்க்ரூவ எண்ணல, அது வரைக்கும் புண்ணியம்.

ஆக, ட்ரோன் கூட வந்தே தீரும்னா காம்போவை வீட்டுலயே வெச்சுட்டு ட்ரோன், ரிமோட், ஒரு பேட்டரி மட்டும் எடுங்க. ரசீது சின்னதாகும். பேட்டரி எப்பவும் கைப்பைலதான் வரணும், செக்-இன் பெட்டில போடக் கூடாது. சில வளைகுடா விமானங்கள்ல ட்ரோன் உடம்பை கேபினுக்குள்ள விடமாட்டாங்க, பேட்டரியக் கழட்டி கையில வெச்சுக்கிட்டு உடம்பை செக்-இன்ல போடணும், டிக்கெட் போடறப்பவே பாத்துடுங்க. சாட்டிலைட் போன், மலையேறறவங்க வெச்சிருக்கற சாட்டிலைட் மெசேஜ் கருவி இதெல்லாம் தொடவே தொடாதீங்க, அது பிரிவு 80 கதை இல்ல, கேஸ் கதை.

இப்ப சித்தப்பா விஷயம். ஒரு வேண்டுகோள், ட்ரோன் வாங்கியிருக்கீங்கன்னு கிளம்பறதுக்கு முன்னாடி சொந்தத்துல யாருக்கும் சொல்லாதீங்க. நான் ஒரு வீடியோ கால்ல காட்டித் தொலைச்சேன். சித்தப்பாவுக்கும் பங்காளிக்கும் வரப்புத் தகராறு, மேலேருந்து ஒரு படம் எடுத்துட்டா யாரு வரப்பை வெட்டினாங்கன்னு வெட்டவெளிச்சமாயிடும்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கார். கஸ்டம்ஸ்ல வெச்சுட்டாங்கன்னு நான் சொன்னத அவர் நம்பல, பங்காளி பையன் கூட இவன் ஸ்கூல்ல ஒண்ணாப் படிச்சவனாச்சே, அதான் எடுக்கமாட்டேங்கறான்னு மூணாம் மனுசங்கிட்ட சொல்லியிருக்கார். ட்ரோன் கையில இருந்திருந்தாலும் அந்தப் படத்தால ஒண்ணும் ஆகியிருக்காது. எல்லைத் தகராறுக்கு நிலத்தோட அளவும் எல்லையும் போட்ட அரசு வரைபடம், எஃப்எம்பி ஸ்கெட்ச்தான் பேசும், தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர் போட்டா பட்டா சிட்டாவும் ஸ்கெட்ச்சும் வந்துடும், அத வெச்சுக்கிட்டு தாலுகா ஆபீஸ்ல அளக்கச் சொல்லி மனு கொடுத்து சர்வேயர் வந்து கல்லு நடணும். நான் அதை பிரிண்ட் எடுத்து சித்தப்பா கையில கொடுத்தேன். கண்ணாடி இல்லாம அதைத் தூரமாப் பிடிச்சுப் பாத்துட்டு, இதுக்காடா அமெரிக்காவுலேருந்து வந்தேன்னார்.

இந்தியாவுல ட்ரோன் வெச்சு எடுக்கக் கூடாத இடமும் எக்கச்சக்கம். ஏர்போர்ட்டைச் சுத்தி 5 கிலோமீட்டர் சிவப்பு மண்டலம், அதாவது அனுமதி இல்லாம பறக்கவே கூடாத இடம், அதத் தாண்டினாலும் 12 கிலோமீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு இருக்கு. தனி அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்துலயே 400 அடிதான் உயரம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில மேலேருந்து எடுக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு, அது தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கற இடம், ஊரை ஒட்டி விமானப்படை தளம், 2020லேருந்து சுகோய் போர் விமானம் நிக்குது அங்க. கோயில்களுக்குள்ள செல்போனே கூடாதுன்னு 2022 டிசம்பர்ல ஹைகோர்ட் சொல்லியாச்சு, நாம ட்ரோன் பேசறோம்.

நான் எடுக்க நினைச்சது கோயிலும் இல்ல, வயலும் இல்ல, வீடு. அம்மா தனியா இருக்காங்க, இன்னும் எத்தன வருஷம் அந்த வீட்டை வெச்சிருப்போம்னு யாரும் வாய்விட்டுப் பேசறதில்ல. வீடு, கொல்லை, கிணறு, எல்லாம் ஒரே பிரேம்ல வேணும்னு எனக்கு ஆசை. அதச் சொன்னப்ப அம்மா, மொட்டை மாடிக்கு ஏறினா எல்லாந்தான் தெரியுதேன்னாங்க. ஏறிப் பாத்தா கொல்லைல தென்னை ரெண்டுதான் நிக்குது. மிச்சமெல்லாம் 2018 கஜா புயல்ல போயிடுச்சு. அது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல, அப்ப நான் இங்க உக்காந்து போன் லைன் கிடைக்கலன்னு திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டிருந்தேன், அப்புறம் பணம் அனுப்பினேன், மரம் அறுத்த ஆளுக்குக் கூலி கொடுத்தது வரைக்கும் கணக்கு இருக்கு. ஆனா அந்த இடம் இவ்வளவு வெளிச்சமா இருக்கும்னு நினைக்கல. போன்லயே நாலஞ்சு படம் எடுத்துட்டு இறங்கிட்டேன்.

காம்போ வாங்கலாமா வேண்டாமாங்கற கேள்விக்கு இப்ப வர்றேன், நீங்க இருக்கற நாட்டுல பறக்கவிடறதுக்குன்னு வெச்சுக்கிட்டு. 2023 செப்டம்பர்ல மினி 4 ப்ரோ வந்தப்ப அமெரிக்க விலை, ஆர்சி 2 ரிமோட்டோட 959 டாலர், அதே ரிமோட்டோட காம்போ 1099. வித்தியாசம் 140. பேட்டரி தனியா ஒண்ணு 65, ரெண்டு வாங்கினா 130 ஆச்சு. அப்ப ஹப், பை, இறக்கை எல்லாம் 10 டாலருக்கு வந்த மாதிரி. விலை இப்ப மாறியிருக்கும், ஆனா கணக்கு இதுதான், ரெண்டு பேட்டரி விலைய காம்போ வித்தியாசத்துலேருந்து கழிச்சுப் பாருங்க. ஒரு பேட்டரிக்கு 34 நிமிஷம்னு போட்டிருப்பாங்க, காத்துல அதுல கால்வாசியக் கழிச்சுக்குங்க, ஒரு மலைக்குப் போனா ரெண்டு பேட்டரி தாராளம். மூணாவது எனக்கு எப்பவும் ஃபுல் சார்ஜோடவே வீட்டுக்கு வருது. ஹப் மூணையும் ஒரே நேரத்துல ஏத்தாது, ஒண்ணு முடிஞ்சப்புறம்தான் அடுத்தது, ஆனா போனுக்கு பவர்பேங்கா ஆகுது. மாசம் ரெண்டு தடவையாவது வெளிய எடுப்பீங்கன்னா காம்போ லாபம். இல்லன்னா வெறும் ட்ரோனும் ஒரு எக்ஸ்ட்ரா பேட்டரியும் போதும். 45 நிமிஷம் ஓடற பிளஸ் பேட்டரி பக்கம் போகாதீங்க, அதப் போட்டா எடை 250 தாண்டிடும், எஃப்ஏஏல 5 டாலர் கட்டிப் பதிவு பண்ணணும். என்டி ஃபில்டர் வீடியோ எடுக்கறவங்களுக்கு மட்டும்தான்.

ஊர்ல கல்யாணம்னா அங்கயே ட்ரோன் எடுக்கற பசங்க எல்லா டவுன்லயும் இருக்காங்க, போட்டோ ஸ்டூடியோல கேட்டா ஆளைக் காட்டுவாங்க. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி யுஐஎன் நம்பர் இருக்கான்னு கேளுங்க, ட்ரோனை அரசாங்கத்துல பதிவு பண்ணினதுக்கான நம்பர் அது, இல்லன்னா மண்டபத்துல போலீஸ் வந்து நிக்கறப்ப பொண்ணு வீட்டுக்காரங்க உங்களத்தான் தேடுவாங்க. எடுத்த ஒரிஜினல் ஃபைலையும் சேத்துக் கேட்டு வாங்கிடுங்க, பாட்டு போட்டு எடிட் பண்ணினத மட்டும் பென்டிரைவ்ல கொடுத்துட்டுப் போயிடுவாங்க. ஊருக்குன்னே வாங்கின காம்போ இன்னும் டப்பா பிரிக்காம இருக்குன்னா, கடை பில்லுல ரிட்டர்ன் கடைசித் தேதி என்னன்னு இன்னிக்கே பாருங்க.